எந்த ஆண்டின் வண்டி?

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் கோணேசர் ஆலயத்தையும் பிரெட்ரிக் கோட்டையையும் இயற்கைத் துறைமுகத்தையும் சொல்லி நிறைவடைந்துவிடுவர். துறைமுகத்தை அண்டிய ஒழுங்கைகளில், வீடுகளின் பின்புறக் கொட்டில்களில் துருவேறிக் கிடக்கும் இரும்புக்கும் ஒரு வரலாறு உண்டென்பது அவர்கள் கண்ணிற் படுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறிற்று. கப்பல்கள் போயின, கொடி போயிற்று. ஆனால், ஒரு துறைமுகம் முழுவதையும் பெட்டியிலிட்டுக் கொண்டு போய்விட முடியுமா? சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் நின்றன. தளத்திலே தொழில் பழகியவர்களின் கைகளில் ஆங்கிலேய அளவுச் சாவிகள் இருந்தன. சில வீடுகளில் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன.

அவ்வாறு எஞ்சிய ஒன்றைத்தான் கலைப்பீட மாணவன் ஒருவன் 2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த காலத்தில், கிடுகு விலக்கி வெளியே எடுத்தான். அது அவனுடைய பாட்டனாரின் பி.எஸ்.ஏ. எம்-20. தளத்தில் வேலை பார்த்த பாட்டனார், 1957இல் நாடு திரும்பவிருந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் அதை வாங்கியிருந்தார். அவர் மறைந்து ஐந்தாறு ஆண்டுகளாகிவிட்டன. வாடைக் காற்று கொண்டுவந்த உப்பு சக்கரக் கம்பிகளைத் தின்றிருந்தது. இயந்திரம் இறுகிப் போயிருந்தது.

பி.எஸ்.ஏ. என்பது 'பேர்மிங்ஹாம் சிற்றாயுதங்கள்' என்பதன் சுருக்கம். துப்பாக்கி செய்தவர்களே பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். சாத்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தாம் அவர்களின் சின்னம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்-20 வகையில் ஏறத்தாழ 126,000 வண்டிகள் படைகளுக்காகச் செய்யப்பட்டன. 1940 நவம்பரில் ஜேர்மானியக் குண்டுகள் அத்தொழிற்சாலையில் வீழ்ந்து 53 தொழிலாளர் மாண்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஆக, இவ்வண்டி பிறந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே போரிற் குண்டு வாங்கியவை.

பழைய பிரித்தானிய வண்டிகளைத் தேடிப் பெற்று உயிர்ப்பிக்கும் ஆர்வலர் உலகெங்கும் உள்ளனர். நோட்டன் 16எச், மச்லெஸ் ஜி-3, பி.எஸ்.ஏ. பன்டம் என்று பெயர் சொல்லும்போதே அவர்களுடைய குரல் மாறிவிடும். பிரிஸ்டலில் டக்ளஸ் நிறுவனம் 1951 முதல் செய்த வெஸ்பா ஸ்கூட்டர்களுக்கும் அடியார் கூட்டம் உண்டு. வெஸ்பா இத்தாலியப் பிறப்பல்லவா என்று அவர்களிடம் கேட்பது நல்லதல்ல. இவ்வுலகில் ஒரு கடுமையான சட்டம் நிலவுகின்றது. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்தவாறே இருத்தல் வேண்டும். நிறம், ஆணி, விளக்கு, இருக்கையின் தோல் யாவும் அந்த ஆண்டுக்கு உரியனவாதல் வேண்டும். மாணவனும் இச்சட்டத்துக்குப் பணிந்தான். சட்டகத்திற் பொறித்திருந்த இலக்கத்தைக் கொண்டு அது 1941ஆம் ஆண்டின் வண்டி எனக் கண்டறிந்தான். மண்ணிறப் பூச்சும் புதிய உதிரிப்பாகங்களும் எங்கே கிடைக்குமென்று இணையத்திற் பட்டியலிட்டான். கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர், அவ்வாறு செய்து முடித்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒரு விலையும் கூறினார். அந்தத் தொகையில் தங்கையின் படிப்புச் செலவு பல ஆண்டுகளுக்கு அடங்கும்.

உட்துறைமுக வீதிக்கு அண்மையில் ஒரு சிறு கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. பாட்டனாரின் கீழ்த் தொழில் பழகியவர் அவர். இன்றைய கராஜ்களில் உள்ள மெற்றிக் அளவுச் சாவிகள் பழைய பிரித்தானிய ஆணிகளுக்குப் பொருந்தா. 1841இல் ஜோசப் வித்வேர்த் வகுத்த அளவுமுறையின் வழிவந்த சாவிகள் அவற்றுக்கு வேண்டும். ஆணித் தலையின் அகலத்தையல்ல, ஆணித் தண்டின் பருமனையே அச்சாவிகளிற் பொறித்திருப்பர். முதியவரிடம் அவற்றில் ஒரு தொகுதி எண்ணெய்த் துணியிற் சுற்றி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டபோது, "டொக்யாட்டிலை இருந்துதான், தம்பி. அவங்கள் போகேக்கை எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு போகேல்லை" என்றார்.

சிலிண்டரினுள் டீசல் ஊற்றிப் பதினொரு நாள் ஊறவிட்ட பின்னரே பிஸ்டன் அசைந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் அது பி.எஸ்.ஏ. பிஸ்டன் அன்று, ஏதோவொரு காரின் பிஸ்டனைக் கடைந்து 82 மில்லிமீற்றர்த் துளைக்குப் பொருத்தியிருந்தார்கள். எந்தக் காருடையது என்று முதியவராலும் சொல்ல இயலவில்லை. காபரேற்றரின் பக்கத்தில் மெல்லிய செப்புக் குழாய் ஒன்று ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத குழாய் அது. மாணவன் அதைக் கழற்றி எறியும் பொருட்களோடு போட்டான். முதியவர் குனிந்து எடுத்துத் துடைத்து மேசை மேல் வைத்தார்.

அந்தக் குழாயின் கதை வன்னியின் கதை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது பாட்டனார் குடும்பத்தை ஏற்றிப் பறித்து முல்லைத்தீவுப் பக்கம் போய்ச் சேர்ந்தார், வண்டியும் போயிற்று. வடபகுதிக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில் மக்கள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள் என்பதைப் பலரும் அறிவர். சிறு போத்தலில் உள்ள சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய ஜப்பானிய வண்டிகள் இதற்குத் தடுமாறின. எம்-20 தடுமாறவில்லை. காரணம் அதன் பழமைதான். பக்க வால்வு கொண்ட அவ்வியந்திரத்தின் அமுக்க விகிதம் ஐந்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாது. இக்கால இயந்திரங்களில் அது ஏறத்தாழ இருமடங்கு. அமுக்கம் மிகுந்த இடத்தில் மண்ணெண்ணெய் காலம் முந்தி வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். குறைந்த இடத்தில் அமைதியாக எரியும். அன்றியும் எம்-20க்குத் தீப்பொறி தருவது மக்னீற்றோ. அது சுழற்சியிலிருந்தே மின்னைப் பெறுவதால் மின்கலம் வேண்டியதில்லை. மின்கலமும் தடைப்பட்டியலில் இருந்த நாட்டில் இது சிறு காரியமன்று. பாரமானது, மந்தமானது என்று போர்க்கால ஆங்கிலேய வீரர்கள் பழித்த அதே வண்டி, பழித்த குணங்களாலேயே வேறொரு போரைத் தாண்டி வந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர் பாட்டனார் அதிலேயே ஊர் திரும்பினார்.

ஒரு மாலை மாணவன் பெற்றோல் தாங்கியின் ஒரு பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தான். மேலே நீலம், முல்லைத்தீவில் மீன்பிடி வள்ளத்துக்குப் பூசியதில் மிஞ்சிய பூச்சு. அதன் கீழே கறுப்பு. பாட்டனார் 1957இல் வாங்கியதும் பூசியது. அதற்கும் கீழே மண்ணிறம். அதன் மேல் 'சி' என்ற ஆங்கில எழுத்தும் தேய்ந்த இரண்டு இலக்கங்களும். படை வண்டிகளுக்கு இட்ட இலக்கம் அது. அவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மற்ற இரண்டு பூச்சையும் முழுவதுமாக உரித்துவிட்டால் 1941 வந்துவிடும் அல்லவா?

"தம்பி, இதை எந்த ஆண்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகப் போறீர்?" என்று முதியவர் கேட்டார்.

"நாப்பத்தொண்டுக்கு, ஐயா."

"நாப்பத்தொண்டிலை உம்மடை அப்பப்பா ஆறு வயசுப் பொடியன். இந்த வண்டியைக் கண்ணாலையும் கண்டிருக்க மாட்டார்."

இக்கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பேர்மிங்ஹாமில் அவ்வண்டி இருந்தது சில கிழமைகளாகவே இருக்கும். எஞ்சிய எண்பது ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதி இந்தத் தீவில் உள்ளது. அதன் பின்தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957இல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமாகித் தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பு மூளுமுன்னர்ப் பதிவானது என்பதற்கு அத்தகடே சாட்சி. 1941க்கு மீட்கப் புகுந்தால் அத்தகட்டுக்கும் இடமில்லை. தொழிற்சாலைக்கு நேர்மையாக இருப்பது வண்டிக்கு நேர்மையாக இருப்பது ஆகுமா? செய்தவனின் கையை மாத்திரம் போற்றித் திருத்தியவனின் கையை அழிப்பது ஆர்வலர் உலகின் பெருங்குறை என்றே தோன்றுகிறது. அந்த உலகின் தலைநகரங்கள்கூட இடம் மாறிவிட்டன: றோயல் என்பீல்டின் புல்லட் 1955 முதல் சென்னையில் உருவாகி, 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னரும் நிற்காமல் தொடர்ந்தது, நோட்டன் நிறுவனத்தை 2020இல் தமிழ்நாட்டு டி.வி.எஸ். வாங்கிவிட்டது.

மாணவன் உடனே மனம் மாறிவிட்டான் என்று சொல்வது பொய்யாகும். தங்கையின் படிப்பு கண்முன் நின்றது. அதற்குள் 2022 வந்தது. நாட்டில் எரிபொருள் அற்றுப்போயிற்று. யூலையிற் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 குதங்கள் இன்றும் நிற்க, அவற்றைப் பார்த்துக்கொண்டே மக்கள் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெயும் கிடைக்காமையால் மீனவரின் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. முதியவர் வேலையை நிறுத்தவில்லை. பெற்றோல் வேண்டாத வேலைகள் இருந்தன: செப்பு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி நீரிற் தோய்த்து மென்மையாக்கினார், மக்னீற்றோவின் சுருளைக் கையாற் சுற்றினார். சேகரிப்பாளர் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் முறை அழைக்கவில்லை. நெருக்கடி அவரையும் தொட்டிருக்கும். விலை பேசாமற் போயிற்று. அது இழப்பென்று ஒரு நாளும், நல்லதென்று மறுநாளும் மாணவன் எண்ணினான். தங்கை அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதால் அவன் மனம் ஓரளவு ஆறியது.

2023 சித்திரையில் வண்டி நிமிர்ந்தது. சக்கரக் கம்பிகள் புதியன, ரயர்கள் புதியன. காரின் பிஸ்டன் உள்ளேயே இருந்தது. செப்புக் குழாய் துலக்கி, இருந்த இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. தாங்கியில் தேய்த்த இடம் தேய்த்தபடியே விடப்பட்டு, துருவேறாமல் எண்ணெய் பூசப்பட்டிருந்தது. நீலத்தின் நடுவே கறுப்பு விளிம்பு, அதன் நடுவே மண்ணிறம், 'சி' எழுத்து. ஏழாவது உதையில் இயந்திரம் பிடித்தது.

டொக்யாட் வீதியில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் மறித்தார். பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"இதில் கறுப்பு என்று போட்டிருக்கு. இது என்ன நிறம்?"

மாணவன் தாங்கியைப் பார்த்தான். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கையில் இயந்திரம் இரண்டு தரம் செருமி நின்றுவிட்டது. உத்தியோகத்தர் புத்தகத்தை அவன் சட்டைப் பையிற் செருகிவிட்டு, வண்டியின் பின்னாற் போய்த் தள்ளுவதற்குக் கை வைத்தார்.