நிறுத்தி வைப்பதுதான் பாட் நிரலின் வேலை

நேரலையில் விளையாடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீமருக்கு ஒருவர் பணம் அனுப்புகிறார். கூடவே ஒரு யூடியூப் இணைப்பையும் அனுப்புகிறார். சற்று நேரத்தில் அந்த வீடியோ நேரலைத் திரையிலேயே ஓடுகிறது. ஸ்ட்ரீம்லேப்ஸ் போன்ற கருவிகள் இந்த வசதிக்கு மீடியா ஷேர் என்று பெயர் வைத்திருக்கின்றன. சாட்டில் ஒருவர் ஆபாசமாக எழுதினால், அது அவர் பெயரோடு ஓரத்தில் ஓடி மறைந்துவிடும். திரையில் ஓடிய வீடியோ அப்படியல்ல, அதை ஒளிபரப்பியவர் சேனல்காரர்தான். 2020 ஜூனில் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தின் ஸ்ட்ரீமர்களுக்குப் பதிப்புரிமைப் புகார்கள் குவிந்தன. 2017 முதல் 2019 வரையிலான கிளிப்களின் பின்னணியில் ஒலித்த பாடல்களே காரணம். சேனல் யாருடையதோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. எனவே பார்வையாளர் அனுப்பும் வீடியோவைக் கையாளும் பாட் (தானியங்கி நிரல்), எதையும் தானாகத் திரைக்கு அனுப்பக் கூடாது. நிறுத்தி வைத்து ஒரு மனிதரிடம் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறைந்தபட்சத் தொகை, வீடியோவின் நீளம், அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, இவற்றை வைத்தே வடிகட்டிவிடலாமே என்பார்கள். தொகை காட்டுவது அனுப்புகிறவரின் வசதியை மட்டும்தான். லட்சம் பேர் பார்த்த வீடியோவிலும் நாற்பதாவது நொடியில் என்ன வரும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. தெரிந்த வீடியோவை அடையாளம் காணும் தொழில்நுட்பத்துக்கும் எல்லை உண்டு. 2019 மார்ச்சில் நியூசிலாந்தில் நடந்த கிறைஸ்ட்சர்ச் படுகொலையின் காணொளியை முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் முறை நீக்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அவற்றில் 12 லட்சத்துக்கு மேற்பட்டவை பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டவை. மீதி உள்ளே வந்த பிறகே அகற்றப்பட்டன. வெட்டியும் திருத்தியும் எண்ணூறுக்கு மேற்பட்ட வடிவங்களில் அது உலவியது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சல்லடையிலேயே அத்தனை ஓட்டை. நேரலையில் ஒன்று நழுவினாலே போதும், பார்த்தவர் கண்ணிலிருந்து அதைத் திரும்ப எடுக்க முடியாது. தமிழ்ச் சேனல்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வசவை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதுகிறார்கள். தடைச்சொல் பட்டியல் அதன் பின்னால் ஓடியே களைத்துவிடும். வீடியோவுக்குள் பேசப்படும் வசவைப் பட்டியல் எட்டுவதே இல்லை.

ஆள் பார்த்துவிட்டுத்தான் விடவேண்டுமென்றால் நேரலையின் சூடு ஆறிவிடும் என்பது நியாயமான கவலை. ஆனால் வரிசையில் நிற்கும் வீடியோவை, சேனலைக் கண்காணிக்கும் மாடரேட்டர் முன்பே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீமரின் ஆட்டம் நிற்கப்போவதில்லை. 2016 டிசம்பரில் ட்விட்ச் கொண்டுவந்த ஆட்டோமாட், சந்தேகத்துக்குரிய சாட் வரிகளை இப்படித்தான் நிறுத்தி வைத்து மாடரேட்டரின் முடிவைக் கேட்கிறது. எழுத்துக்கே இந்த எச்சரிக்கை தேவை என்றால் படத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் மாடரேட்டர்களைப் பற்றியது. பெரும்பாலும் சம்பளமில்லாமல் உதவும் ரசிகர்கள் அவர்கள்; கொடூரமான படத்தை எல்லோருக்கும் முன்பாக அவர்கள் தலையில் கட்டுவது சரியா? இதற்கு முழுமையான பதில் இல்லை. ஒலியை அணைத்து, படத்தைச் சிறிதாக்கிக் காட்டும்படி பாட் நிரலை அமைத்தால் அந்தச் சுமை ஓரளவு குறையும். மறுக்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் அவர்கள் காரணம் எழுதிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. பணம் வாங்கிய சேனல் அவர்களுக்கு ஒரு பங்கு தருவதும் நியாயமே.

மீடியா ஷேரைத் திறந்து வைத்திருக்கும் ஸ்ட்ரீமர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மாடரேட்டர் இல்லாத நாளில் அதை மூடிவையுங்கள்.