அடுத்த வீட்டு வாசல்

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் கண்டது. அப்பா காரை எடுக்க ஓடினார். கேட்டை மறித்து அடுத்த வீட்டு மாமாவின் வேன் நின்றிருந்தது. அவரை எழுப்பி, சாவி தேடி, வேனை நகர்த்தப் பத்து நிமிடம் ஆயிற்று. இறையருளால் பாட்டி பிழைத்தார்கள்.

பாட்டி வீடு திரும்பியதும், "வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாதென்று சாலை விதிகளிலேயே இருக்கிறதே!" என்று சினந்தேன். பாட்டி புன்னகைத்து, "எதிர்வீட்டு வாசலைப் பார், கண்ணு" என்றார்கள். அந்தக் கேட்டில் சாய்ந்து நின்றது என் சைக்கிள்!

நல்ல சமாரியன் தன் பயணத்தை நிறுத்தி அயலானுக்கு உதவினான். நானோ அயலாரின் வழியையே மறித்திருந்தேன். அன்று முதல் என் சைக்கிள் எங்கள் கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது.