சுருட்டிய வாழை இலைக்குள் ஒரு வீடு

கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் சில நிமிட நடைதான். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் ஓட்டிச் சென்ற ரயிலோடு அந்தத் தடத்தின் ரயில் காலம் முடிந்தது. 24 கிலோமீட்டர் பாதை இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியது. ஓரங்களில் ஆங்காங்கே வாழைப் புதர்கள்.

அந்த வாழைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இலைகள் கிழிந்து, சுருட்டு போல உருண்டு தொங்கும். போன வாரம் நடக்க வந்த ஒரு பெரியவர் என்னிடம், “நோய் விழுந்துருச்சும்மா, யாரும் வெட்ட மாட்டேங்கிறாங்க” என்றார்.

நோய் இல்லை. பனானா ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சியின் வேலை அது. புழு இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டி, அந்தத் துண்டைப் பட்டு நூலால் இழுத்துச் சுருட்டிக்கொள்கிறது. சாப்பாடும் அதே வீட்டுச் சுவர்தான்! உடம்பெங்கும் அரிசி மாவு பூசியது போல வெள்ளை மெழுகுத்தூள். கூட்டுப்புழு ஆவதும் அதற்குள்தான். பழுப்புச் சிறகில் மஞ்சள் திட்டுகளோடு வெளியே வரும்போது சிறகு விரிந்த அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். கண்கள் நல்ல சிவப்பு.

சொன்னதும் பெரியவர் சிரித்தார். “எங்கம்மா பார்த்தா உடனே அறுத்துடுவாங்க. சாப்பாட்டுக்கு இலை வேணுமே.”

வீட்டுத் தோட்டம் என்றால் நானும் அந்த அம்மா கட்சிதான். ஹவாயில் 1973-இல் இது வந்து சேர்ந்தபோது வாழை விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி ஆனது. புழுவை அழிக்கும் சிறு குளவிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் ஸ்கிப்பருக்கு நம் வட்டாரம்தான் சொந்த ஊர். அந்தக் குளவிகளும் இங்கேயே இருக்கின்றன. ரயில் பாதையில் யாரும் இலை அறுத்துப் பந்தி போடப் போவதில்லை. ‘சுத்தம்’ என்ற பெயரில் அந்த இலைகளை வெட்டினால், உள்ளே இருக்கும் பட்டாம்பூச்சியும் குப்பைக்குத்தான் போகும்.

பகலில் போனால் சுருள் மட்டுமே தெரியும். ஸ்கிப்பர் பறப்பது விடியலிலும் அந்தியிலும். காலை நிகழ்ச்சி செய்யும் எனக்கு விடியல் வாய்க்காது. அதனால் மாலை ஏழு மணிதான் என் நேரம். வாழைப்பூ பக்கம் நில்லுங்கள், தேன் குடிக்க வரும். கொசு மருந்து மறக்க வேண்டாம்.