தையல் பிரித்த பிறகு

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அது சரியாக அமைந்ததா என்று தெரிய இருபது ஆண்டுகள் வேண்டும். மைசூருவில் எலும்பு மருத்துவனாக வேலை செய்யும் நான் அந்த இருபது ஆண்டுகளையும் அறுவையின் பகுதியாகவே எண்ணுகிறேன். தையல் பிரித்ததோடு நோயாளியை மறந்துவிடுகிறவருக்குக் கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் தொழில் பாதிதான் கைவந்திருக்கிறது.

சிக்கல்களில் நாங்கள் மிகவும் அஞ்சுவது சீழ். முதல்முறை மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அது வருகிறது. உலோகத்தில் ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் எளிதில் புகாது. முதல் சில வாரங்களில் கண்டுபிடித்தால் திறந்து கழுவி, நடுவிலுள்ள பாலிஎத்திலீன் தட்டை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். தாமதமானால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை அந்த இடத்தில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி அடங்கிய பிறகு இரண்டாவது அறுவையில் புது மூட்டு பொருத்த வேண்டும். அதனால் "தையல் ஓரத்தில் லேசாக் கசியுது" என்று போனில் சொல்பவரிடம் மாத்திரை வாங்கிப் போடச் சொல்லவே கூடாது. அன்றே வரவழைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை கசிவை நிறுத்தும். உள்ளே இருப்பதை மறைத்தும்விடும்.

இந்தச் சீழைத் தடுக்கும் வேலை ஓ.டி.க்கு வெளியேதான் தொடங்குகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்தைத் தாண்டினால் அறுவையைத் தள்ளிவைப்பேன். சொத்தைப் பல், மாண்டியாவின் நெல் வயலில் நிற்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் பார்த்து ஆற்றிய பிறகே தேதி கொடுப்பேன். நோயாளிகளுக்கு இது அலைக்கழிப்பாகத் தோன்றும். பொறுமையாக விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது, 'நல்ல பலன்' என்பதை எதை வைத்துச் சொல்வது? உலகெங்கும் பயன்படும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் அளவுகோலில் 12 கேள்விகள், 48 மதிப்பெண். கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடிகிறதா, மண்டியிட்டு எழ முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. குண்டலுப்பேட்டையிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். பந்தியில் உட்காரலாமா, குத்துக்காலிட்டு மாடு கறக்கலாமா, சாமுண்டி மலைப் படி ஏறலாமா? எக்ஸ்ரே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பத்துப் பேரில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர்வரை மூட்டு மாற்றிய பிறகும் நிறைவில்லை என்கிறார்கள். வலி போகும், ஆனால் முழங்கால் முழுதாக மடங்காமல் போகலாம் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது நம் கடமை. மலைக்கு என்னுடைய பதில்: ஏறும்போது நிதானமாகப் படி, இறங்கும்போது பஸ்.

எச்.டி.கோட்டை, பிலிகிரிரங்கன் மலைப் பக்கத்துப் பழங்குடியினர் அரிவாள் செல் நோயோடு வரும்போது இந்தத் தொழில் இன்னும் கடினமாகிறது. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது 1952-இல், பக்கத்து நீலகிரியின் பழங்குடிகளிடம். அந்த நோயில் வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைத்து, இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். இருபத்தைந்து வயதிலேயே பந்து நொறுங்கிய இளைஞர்களைப் பார்க்கிறோம். அவர்களின் தொடை எலும்புக் குழல் பல இடங்களில் இறுகி அடைபட்டிருக்கும். துளையிடும் கருவி பக்கவாட்டில் திரும்பி எலும்பை உடைத்துவிடக்கூடும். குளிர், நீர் வற்றுதல், ஆக்சிஜன் குறைவு மூன்றும் நோயைத் தூண்டும் என்பதால் ஓ.டி.யின் ஏ.சி. குளிரைக் குறைப்பதுகூடச் சிகிச்சைதான். ரத்த வங்கி, மயக்க மருத்துவர், பொது மருத்துவர் எல்லோரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசாமல் இதைத் தொடங்கவே கூடாது.

நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1958-இலிருந்து சில ஆண்டுகளில் சுமார் 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்து இடுப்பு மூட்டு மாற்றினார். தொடக்கத்தில் வலி போனது, நடை வந்தது. ஓரிரு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியிருந்த எலும்பை அரித்தன. அவர் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது தெரிந்தது. அதே டெஃப்லானைத் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்று நாங்கள் பொருத்தும் மூட்டுகளில் இருப்பதும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான்.

தொடர்ந்து பார்ப்பதற்கு ஸ்வீடன் 1975-லேயே முழங்கால் மாற்றுப் பதிவேடு தொடங்கியது. முழங்கால் மாற்றுகளில் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குகின்றன என்று 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வால் சொல்ல முடிந்தது, நாடளாவிய பதிவேடுகள் இருந்ததால்தான். டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் மறு அறுவை அதிகம் என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு கண்டுகொண்டது; 2010 ஆகஸ்டில் அந்த மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 4,700 பேர். அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. உடம்புக்குள் கெட்டுப்போகும் பொருளைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலே நடமாடியிருக்கிறார்கள். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

"நல்லா நடக்கறனுங்களே, எதுக்குங்க மறுபடி எக்ஸ்ரே?" என்று தாளவாடி அம்மாக்கள் கேட்பார்கள். தேய்மானமும் எலும்பு அரிப்பும் வலியில்லாமலே தொடங்கும் என்பதால்தான். வலி வந்த பிறகு பார்த்தால், மறு அறுவைக்குப் பிடிமானமாக எலும்பே போதாமல் போய்விடும். அதனால் முதல் ஆண்டிலும் ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளிலும் வரச் சொல்கிறேன். போன் எண்கள் மாறிவிடுகின்றன. ஆகவே ஊர் ஆஷா பணியாளரின் எண்ணையும் கேட்டு வாங்கி எழுதிவைக்கிறோம். மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் தயாரிப்பு எண், அளவு எல்லாம் இருக்கும். அதில் ஒன்றை எங்கள் கேஸ் ஷீட்டிலும் இன்னொன்றை நோயாளியின் கையிலுள்ள அட்டையிலும் ஒட்டித் தருகிறோம்.

மூட்டு மாற்றிக்கொண்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்வது: எத்தனை பேருக்கு அறுவை செய்தீர்கள் என்ற கணக்கைவிட, பத்தாண்டுக்குப் பிறகு அவர்களில் எத்தனை பேர் எப்படி நடக்கிறார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கட்டும்.