முதல் ரைஃபிள்: பேப்பர் தட்டு சொன்ன பதில்

"துப்பாக்கி வாங்கிட்டியாமே?" என்று ஊரிலிருந்து இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். அப்பா மட்டும் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: "ஏம்ப்பா, படிக்கத்தானே போனே?" எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த மொத்த உறவு, கல்லூரியில் என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து, .22 ரைஃபிளில் 25 மீட்டர் தூரத்துக்குச் சுட்ட ஐந்து தோட்டாக்கள்தான். அதில் இரண்டு பக்கத்துப் பையனின் அட்டையில் போய் விழுந்தன. அவனுக்கு அன்றைக்குப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு கென்னத் ஆண்டர்சன், ஜிம் கார்பெட் புத்தகங்களோடு சரி.

விஸ்கான்சினுக்கு மேற்படிப்புக்கு வந்தபின்தான் விஷயம் மாறியது. இங்கே நவம்பரில் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாள். எங்கள் ஊர்ப் பொங்கல் மாதிரி, அந்த வாரம் பாதி லேப் காலியாகிவிடும். என் லேப் நண்பனின் குடும்பம் வடக்கே பண்ணை வைத்திருக்கிறது. "இந்தத் தடவை நீயும் வா" என்றான். சரி என்று சொல்லிவிட்டு, அன்றிரவே இணையத்தில் துப்பாக்கி பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் முதல் தப்பு.

அதற்கு முன் சட்டம் பற்றி ஒரு பத்தி. என்னைப்போல மாணவர் விசாவில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1998-ல் வந்த சட்டத் திருத்தப்படி, தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படக்கூடியது, ஏதாவதொரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் முடிந்துபோனால் விலக்கும் போயிற்று. துப்பாக்கி உங்கள் அலமாரியில் சும்மா இருந்தாலும் குற்றம்தான். விசா, படிப்பு, எதிர்காலம் எல்லாம் அந்தச் சின்னத் தாளில் தொங்குகிறது. அதனால் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு (1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இங்கே அது கட்டாயம்), பிறகு உரிமம் என்று வரிசையாகப் போனேன். உரிமம் கைக்கு வரும்வரை யாருடைய துப்பாக்கியையும் சுடவில்லை.

இனி என் ஆசைக்கு வருவோம். மூன்று வாரம் இணையத்தில் மேய்ந்ததில், எனக்கு வேண்டியது .300 வின்செஸ்டர் மேக்னம்தான் என்று முடிவாகியிருந்தது. 1963-ல் வந்த தோட்டா. எல்க் விழும், கரடி விழும், அரை மைல் தாண்டியும் சக்தி இருக்கும் என்றெல்லாம் படித்திருந்தேன். நான் போகவிருந்த காட்டில் எல்க் இல்லை, நான் கரடிக்குப் போகவில்லை, அரை மைல் தூரத்தில் எருமை நின்றாலும் எனக்குத் தெரியாது என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

நண்பனின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். சிரிக்கவும் இல்லை. "முதல்ல என்னோடதைச் சுட்டுப் பாரு" என்று சொல்லிச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார்.

அவருடையது பழைய போல்ட்-ஆக்‌ஷன், .30-06. பெயரிலேயே வரலாறு இருக்கிறது: 30 என்பது குழலின் அளவு, ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு, 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906. போல்ட்-ஆக்‌ஷன் என்றால் நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கவிட்டிருந்த த்ரீ-நாட்-த்ரீயை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாளின் அண்ணன். ஒவ்வொரு தடவையும் கையால் செய்ய வேண்டியிருப்பதால் நிதானம் தானாக வரும். போல்ட்டை முழுசாக உருவி வெளியே வைத்துவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பது பெரியவரின் கட்சி. இப்போது என் கட்சியும்.

காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. முதல் தோட்டா. தோளில் யாரோ கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. வெளியே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது தோட்டாவை அவரே போட்டு, போல்ட்டை மூடிக் கொடுத்தார். குறி பார்த்து விசையை அழுத்தினேன். 'டிக்' என்று மட்டும் சத்தம். ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்திக்கொண்டு போனது. நான் கண்ணை இறுக மூடியிருந்தேன்.

அவர் போட்டுக் கொடுத்தது வெற்று டம்மித் தோட்டா.

"துப்பாக்கி உன்னை உதைக்கலை. நீ உதைக்கு முன்னாலேயே பயந்துட்டே" என்றார். பின்னால் நண்பன் சிரிக்கிற சத்தம் மஃப்பையும் மீறிக் கேட்டது. இந்த வெடவெடப்பு தலையிலிருந்து வருவதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. படித்துப் போக்க முடியாது. உதை குறைந்த துப்பாக்கியில் நிறையச் சுட்டுத்தான் போக்க முடியும். ஒரு .308 தோட்டாவில் சுமார் 45 கிரெய்ன் மருந்து என்றால், நான் ஆசைப்பட்ட .300 மேக்னத்தில் 70-க்கும் மேல். ஒரே எடையுள்ள ரைஃபிளில் அதன் உதை .243-ஐப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதை வாங்கியிருந்தால் நானே காசு கொடுத்துப் பயத்தைப் பழகியிருப்பேன்.

அன்றைக்கு அவர் வைத்த பரீட்சைதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. விருந்துக்கு வைக்கும் பேப்பர் தட்டு ஒன்றை எடுத்து, அதில் எட்டு அங்குல வட்டம் வரைந்து, நூறு கஜத்தில் குத்தி வைத்தார் (ஒரு கஜம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு). ஒரு மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். மேஜையில் சாய்ந்து சுடக்கூடாது. முட்டி போட்டு, ஐந்து தோட்டா. ஐந்தும் வட்டத்துக்குள் விழுகிற தூரம்தான் நம் தூரம்.

.30-06-ல் எனக்கு இரண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் .308-ஐக் கொடுத்தார், மூன்று. கடைசியாக நண்பனின் தங்கை பன்னிரண்டு வயதில் பழகிய .243 வந்தது. ஐந்துக்கு ஐந்து. நூற்றைம்பது கஜத்திலும் ஐந்து. இருநூறில் மூன்று.

மானம் கொஞ்சம் போனது. ஆனால் விடை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் இன்னொன்று புரிந்தது. நான் தூக்கம் கெட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டாக்கள் அனைத்தும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். .308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. அதன் பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கி 1955-ல் .243 செய்தார்கள். அட்டைச் சுடுதல்காரர்களை மனதில் வைத்து 2007-ல் 6.5 கிரீட்மோர் வந்தது (பெயர்தான் 6.5, குண்டின் உண்மையான விட்டம் 6.71 மில்லிமீட்டர். இந்தத் துறையில் பெயர்களை நம்பவே கூடாது!). மூன்றையும் வழக்கமான வேட்டைக் குண்டுகளோடு இருநூறு கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், முந்நூறு கஜத்தில் மூன்றுமே ஏழெட்டு அங்குலம் கீழே விழும். வித்தியாசம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். என் கை நடுக்கமோ அதைப்போல ஐந்து மடங்கு. வெள்ளைவால் மானுக்கு இதில் எதுவும் போதும்.

தூரம் ஏன் முக்கியம் என்று சீசனுக்கு முந்தின இரவு பெரியவர் சொன்னார். இளம் வயதில் ஒரு மானை எட்டாத தூரத்தில் சுட்டாராம். குண்டு வயிற்றில் பட்டது. ரத்தத் தடத்தைப் பிடித்து இருட்டும்வரை நடந்தார், மறுநாளும் நடந்தார், மான் கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் ஆகிறது, எந்தப் புதரில் தடம் மறைந்தது என்று இன்றும் சரியாகச் சொல்கிறார்.

போன நவம்பர். ஆரஞ்சுச் சட்டை, கடன் வாங்கிய .243. முதல் நாள் காலையிலேயே, அறுவடை முடிந்த சோள வயலின் அந்தக் கரையில் கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்து நின்றது. இருநூற்று இருபது கஜம் இருக்கும். ஸ்கோப்பில் பார்த்தால் கையெட்டும் தூரம். சிலுவைக்கோடு அதன் தோளின் மேல் வந்து வந்து போனது. தட்டு ஞாபகத்துக்கு வந்தது: நூற்றைம்பதில் ஐந்து, இருநூறில் மூன்று. அந்த மூன்றுக்குள் விழுமா, மீதி இரண்டுக்குள்ளா? விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். மான் இரண்டு நிமிடம் நின்று மேய்ந்துவிட்டு மரங்களுக்குள் போனது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்கைத் திறந்து எனக்கு முதலில் காப்பி ஊற்றினார்.

மூன்றாம் நாள் மாலை, எழுபது கஜத்தில் ஒரு பெண் மான். அதற்கான அனுமதிச் சீட்டு என்னிடம் இருந்தது. பின்னால் மண்மேடு, தவறினாலும் குண்டு அதில்தான் புதையும். ஒரே தோட்டா. நாற்பது அடி ஓடி விழுந்தது. கிட்டப் போய் நின்றபோது என் முட்டி ஆடியது. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். அது கஷ்டப்படவில்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விஸ்கான்சின் மான்களுக்கு மூளையை அரிக்கும் ஒரு நோய் இருப்பது 2002-ல் தெரியவந்தது. அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, நோய் தென்படவில்லை என்று முடிவு வரும்வரை கறியை ஃபிரீசரில் வைத்திருந்தோம். பிறகு மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல். பண்ணை வீட்டில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள் :-)

ஜனவரியில் எனக்கென்று ஒன்று வாங்கினேன். படிவம், உரிமம், எஃப்.பி.ஐ. சரிபார்ப்பு எல்லாம் முடிந்தது. கடைசியில் எடுத்தது 6.5 கிரீட்மோர். .243-ஐவிட உதை கொஞ்சம்தான் அதிகம், .308-ஐவிடக் குறைவு. மீதி வருஷமெல்லாம் நான் சுடப்போவது அட்டையைத்தான், அதற்கு ஏற்ற தோட்டா இதில் சுலபமாகக் கிடைக்கிறது, பக்கக் காற்றிலும் குண்டு குறைவாக ஒதுங்கும். மான் மட்டும் போதும் என்றிருந்தால் .243-லேயே நின்றிருப்பேன்.

கடையில் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்தேன். கழுத்தை அசைக்காமலேயே ஸ்கோப்பின் நடு தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இருந்ததில் விலை குறைந்ததும் அதுதான். மிச்சமான பணம் தோட்டாவுக்கும், பழகுவதற்கு ஒரு பழைய .22-க்கும் போனது. வேட்டைத் தோட்டா ஒன்று ஒரு டாலருக்கு மேல். .22 சில்லறைக் காசு. வாரம் ஐம்பது சுடுகிறேன்.

விடுதியில் வைக்க அனுமதியில்லை. இரண்டும் பண்ணை வீட்டின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. உரிமம் முடியும் தேதியைச் செல்பேசியில் மூன்று இடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது ரைஃபிள் என்னோடு வராது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம்மூரில் மான் வேட்டைக்கு இடமும் இல்லை, இருக்கவும் வேண்டாம். நண்பனின் தங்கைக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

போன வாரம் நூற்றெண்பது கஜத்தில் ஐந்துக்கு ஐந்து. அந்தத் தட்டை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். வீடியோவில் பார்த்த அம்மா கேட்டாள்: "ஏண்டா, ஓட்டைத் தட்டைப் போய் மாட்டி வச்சிருக்கே?"

இதைப் படித்துக் காட்டச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன் அம்மா. அதில் பதில் இருக்கிறது.