கரண்ட் வைக்கும் நாட்கள்

ஏப்ரல் 19
விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கனகசெட்டிக்குளம் கரையில் மீன்வரத்து குறைவு. அம்மா கூடை தூக்கவில்லை. அக்கிப் புண் ஆறிப் பல மாதமாகியும் இடது மார்புக்குக் கீழிருந்து முதுகுவரை எரிகிறது. ரவிக்கை உரசினாலே துடிக்கிறாள். பார்த்தால் தழும்புகூடச் சரியாகத் தெரியாது. காவி எழுதியது சரியில்லை என்கிறாள் அத்தை. காவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்து, வயதானதும் கிளம்பி, நரம்பைக் கெடுத்துவிட்டது. கொப்புளம் போய்விட்டது; கெட்ட நரம்பு ஓயவில்லை.

ஏப்ரல் 20
இருவருக்கும் தூக்கமில்லை.

ஏப்ரல் 28
பிரிகாபலின் மாத்திரையில் தலை சுற்றுகிறது. அளவைக் கூட்டாமல், கரண்ட் வைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். டென்ஸ் என்கிற சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடுவது. இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்றுதான் பிசியோதெரபி பெண் முதலில் கேட்டார். எரியும் இடத்தை விட்டு, பக்கத்தில் நல்ல தோலில் பேட் ஒட்டினார். நொடிக்கு 100 துடிப்பு. "எறும்பு ஊருது பாப்பா" என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது.

முட்டியில் இடித்துக்கொண்டால் தேய்த்துவிடுகிறோமே, அதன் கணக்குத்தான். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலியை மறிக்கின்றன என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1967-இல் வாலும் ஸ்வீட் என்பவரும் தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசி செருகி மின்சாரம் விட்டுப் பார்த்தார்களாம்.

மே 4
முதல் நூற்றாண்டு ரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸின் கதையைச் சொன்னேன். கீல்வாதக்காரரை ஈரக் கரையில் நிறுத்தி, உயிருள்ள மின்திருக்கையைக் காலடியில் வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்கச் சொல்வாராம்.

"அய்ய, அதுவா? வலையில வந்தா அப்பவே தூக்கிப் போட்டுடுவாங்க. கை விறுவிறுன்னு பூடும். அதுக்கா இவ்ளோ காசு குடுத்து பொட்டி வாங்கின?"

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்து, என்னைத் திட்டினாள்.

மே 5
ஒரு பயனும் இல்லை. பெட்டியைக் கடலில் வீசு என்றாள்.

மே 17
நரம்பு வலிக்கு டென்ஸ் பற்றி 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வைச் சில நாள் முன்பு படித்தேன். 15 ஆய்வுகள், 724 பேர். சான்றின் தரம் மிகக் குறைவு. பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எரிச்சல் வந்தது. நானே கணக்கெடுக்கிறேன் என்று நோட்டில் கட்டம் போட்டேன். வலி பத்துக்கு எத்தனை? தினமும் ஏழு என்கிறாள். கரண்ட் வைக்கும்போது நாலு, எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏழு.

"ஏழு ஏழுன்னே எழுதிட்டிருக்கியே. நேத்து ஜாக்கெட் போட்டுக்கினு கோயிலுக்குப் போய்ட்டு வந்தேனே, அத எங்க எழுதின?"

அதற்குக் கட்டம் இல்லை.

மே 18
கட்டத்தை விட்டுவிட்டேன். அரை மணி உளுந்து அரைத்தாள். மதியம் தூங்கினாள்.

ஜூன் 3
அழுதாள். நான் வெளியே போய் நின்றேன்.

ஜூன் 15
படகுகள் கிளம்பிவிட்டன. நாளை வியாபாரத்துக்குப் போகிறேன் என்கிறாள். பெட்டியை இடுப்பில் செருகிக்கொள்வாளாம். வேர்வையில் பேட் ஒட்டாது, ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடைக்குப் பக்கத்தில் மிஷின் கூடாது என்றேன். "போறப்ப வச்சிக்கிறேன், எறக்குறப்ப கழட்டிடறேன்" என்கிறாள். விடியும்வரை இந்தச் சண்டை ஓடும் போலிருக்கிறது.