ஓர் உறுப்புக்கு எத்தனை கட்டு?

அரபு இலக்கணத்தையும் தமிழையும் பிள்ளைகளுக்குப் போதித்துக் காலங்கழிக்கும் நான், நீரிறைக்கும் பம்பின் உறுப்புகளைக் குறித்து எழுதப் புகுவது நேயர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பொறியியல் கற்றவனல்லன். என் தங்கை மகன் கற்றவன். கோவையில் பம்பு செய்யும் ஒரு தொழிலகத்தில், கணினித் திரையில் இயந்திரங்களை வடிவமைப்பது அவன் பணி. சென்ற ஆண்டு அவன் மூன்று இரவுகள் உறக்கமின்றித் தவித்ததற்குக் காரணமான ஒரு சிக்கலை, அருகிருந்து காணவும் அவன் வாயால் விளக்கம் கேட்கவும் எனக்கு வாய்ப்புக் கிட்டியது. கேட்கக் கேட்க, நஹ்வுப் பாடத்தில் பல்லாண்டுகளாக நான் சொல்லி வருவதையே அவன் இரும்பைக் கொண்டு சொல்வதாக எனக்குப் பட்டது.

திரையில் இயந்திரம் சமைப்போர் முதலில் உறுப்புகளைத் தனித்தனியே வரைகிறார்கள், பின்னர் ஒன்றுசேர்க்கிறார்கள். சேர்ப்பதென்றால் ஆணியடிப்பதோ பற்றவைப்பதோ அன்று. 'இந்தப் பரப்பு அந்தப் பரப்பின்மேல் படியவேண்டும்', 'இத்தண்டின் அச்சும் அத்துளையின் அச்சும் ஒன்றாகவேண்டும்' என்று வாக்கியம் வாக்கியமாகக் கணினிக்குக் கூறுவதுதான். சாலிட்வொர்க்ஸ் என்னும் மென்பொருளில் இத்தகைய வாக்கியத்துக்கு 'மேட்' என்று பெயர், இன்வென்டரில் 'கன்ஸ்ட்ரெயின்ட்'. நான் 'கட்டு' என்றே எழுதுகிறேன். இது புதிய எண்ணமுமன்று. 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்'டிலேயே, திரையிலுள்ள கோடுகளுக்கு இவ்வாறு கட்டு இட முடிந்தது.

கட்டற்ற பொருளுக்கு ஆறு உரிமைகள் உள்ளன. மூன்று திசைகளில் நகரலாம்; மூன்று அச்சுகளைப் பற்றித் திரும்பலாம். மேசைமேல் ஒரு நூலை வைத்துப் பாருங்கள். அது மேசையோடு படிந்தே இருக்கவேண்டும் என்று விதித்தால், மேலெழும்பும் உரிமையும், முன்பின்னாகச் சாய்வதும், பக்கவாட்டில் சாய்வதும் போய்விடும். இருதிசைகளில் தள்ளுவதும், இருந்த இடத்திலேயே திருப்புவதுமாகிய மூன்று எஞ்சும். துளைக்குள் தண்டைச் செருகினாலோ நான்கு போகும். நீளவாக்கில் நகர்வதும் தன்னைத்தானே சுற்றுவதுமே எஞ்சும். இனி, இவ்விரு கட்டுகளையும் ஓருறுப்புக்கே இட்டு, துளையும் பரப்புக்குச் செங்குத்தாக இருந்தால்? மூன்றும் நான்கும் ஏழு, இருப்பவையோ ஆறு. உண்மையில் பறிபோவன ஐந்துதாம். சாய்வைத் தடுக்கும் இரண்டும் இரு கட்டுகளிலும் சொல்லப்பட்டுவிட்டன. நம் தமிழிலக்கணத்தார் நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்த 'கூறியது கூறல்' இதுவே. அளவுகள் ஒத்திருக்கும்வரை கணினி இதைப் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வாதபோதுதான் விபரீதம்.

தங்கை மகனிடம் வந்த பம்பு, அவனுக்கு முன்னிருந்தவர் வரைந்தது. அதன் மூடியில் நான்கு போல்ட் துளைகள். முன்னவர் அந்நான்கையும் உறையிலுள்ள நான்கு துளைகளோடு அச்சுக்கு அச்சு கட்டி வைத்திருந்தார். துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 140 மி.மீ. வாடிக்கையாளர் ஒருவருக்காக உறையில் அதை 142 ஆக்கினார்கள், மூடியில் ஆக்கவில்லை. கோப்பைத் திறந்தால் பட்டியல் நெடுகச் சிவப்புக் குறிகள்! பேரிங் ஒருபுறம் அந்தரத்தில் நின்றது. இம்பெல்லர் முன்பின்னாகப் புரண்டு கிடந்தது. குற்றமுள்ள மூடியோ, ஒன்றுமறியாதது போல் தன்னிடத்தில் அமர்ந்திருந்தது. திங்கட்கிழமை அவ்வடிவம் வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்பவரிடம் போயாகவேண்டும். பேட்டர்ன் பிழைபட்டால் அதைக்கொண்டு வார்க்கும் இரும்பனைத்தும் பிழை.

மேலாளர் ஓர் எளிய வழி சொன்னாராம்: கட்டுகளையெல்லாம் நீக்கிவிட்டு, உறுப்புகளைக் கையால் இழுத்து வைத்து, அங்கங்கே 'ஃபிக்ஸ்' செய்துவிடு என்று. சிவப்பு மறைந்திருக்கும், ஐயமில்லை. ஆனால் அந்தச் சிவப்பு சொன்னது உண்மையல்லவா? விட்டம் 2 மி.மீ. மாறினால் ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. விலகுகிறது. 10 மி.மீ. போல்ட்டுக்கு மூடியில் இடும் துளை 11 மி.மீ.; ஒருபுறம் அரை மி.மீ. தான் இடமுண்டு. உறையிலோ துளை மறையிடப்பட்டது, அங்கே இடமேயில்லை. போல்ட் நுழையாது. சாட்சி சொன்னவனின் வாயைக் கட்டிவிட்டு வழக்கு முடிந்ததென்பது போன்றது அந்த யோசனை. அவன் இணங்கவில்லை. "மாமா, வேலை போனாலும் போகட்டும், இதை இப்படி அனுப்பமாட்டேன்" என்றான். அந்த வயதில் வேலையைப் பணயம் வைப்பது எளிதன்று.

நஹ்வில் 'தனாஸுஃ' என்றொரு பாடமுண்டு. பூசல் என்று பொருள். ஆளும் சொற்கள் இரண்டு, ஆளப்படும் சொல் ஒன்று. 'எழுந்தார், அமர்ந்தார் ஜைது' என்றால், ஜைது எந்த வினைக்கு எழுவாய்? அருகிலிருக்கும் இரண்டாம் வினைக்கே என்பது பஸராவினர் தேர்வு. முந்தி வந்த முதல் வினைக்கே என்பது கூஃபாவினர் தேர்வு. எவ்வழியிலும், வெல்லாத வினைக்கு ஒரு பிரதிப்பெயரைக் கொடுத்து அமைதிப்படுத்துவர். இரண்டுமே சேர்ந்து ஆளட்டும் என்று ஃபர்ராவு உரைத்ததும் உண்டு; பம்பை வரைந்த முன்னவர் அவர் கட்சி போலும்! கணினி இம்மூன்றில் எக்கட்சியுமன்று. ஒவ்வாமை கண்டதும் கைவிரித்துவிடுகிறது. எந்தக் கட்டை நிறைவேற்ற இயலவில்லையோ அதன்மேல் குறியிடுகிறது. இயலாமைக்குக் காரணமான கட்டு எங்கோ இருக்கும். குறியுள்ள இடத்திலேயே தோண்டிக்கொண்டிருப்பவன் இரவு முழுதும் தோண்டலாம்.

அவன் செய்தது இது. முதலில் கோப்பை நகலெடுத்தான். பின்னர், கட்டுகளை அழிக்காமல், சரிபாதியைச் செயலற்றவையாக்கினான். இதை 'சப்ரஸ்' என்கிறார்கள். சிவப்பு மறைந்தால் பூசலில் ஒரு தரப்பேனும் அப்பாதியில் இருக்கிறது. அதிலும் பாதியைத் திருப்பினான். இவ்வாறு குறுக்கிக்கொண்டே போனதில் மூன்று குற்றங்கள் வெளிப்பட்டன. நான்கு துளைக் கட்டு ஒன்று. அடுத்தது சுற்றி வளைந்த சார்பு: மூடியின் இடம் தண்டின் தோளிலிருந்து அளக்கப்பட்டிருந்தது, தண்டின் இடம் பேரிங்கிலிருந்து, பேரிங்கின் இடமோ மூடியிலிருந்து! மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள்; தரையில் கால் ஊன்றியவர் எவருமில்லை. மூன்றாவது, இம்பெல்லரை அதன் மழுங்கிய விளிம்பொன்றில் கட்டியிருந்தது. யாரோ அம்மழுக்கலை நீக்கியபோது விளிம்பும் போயிற்று. கட்டு பற்றுவதற்குப் பொருளின்றித் தொங்கியது.

திருத்தத்தின்போது அவன் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 'மெய்யான பம்பில் இம்மூடியை இடத்தில் நிறுத்துவது எது?' போல்ட் அன்று. மூடியின் உட்புறம் துருத்தி நின்று உறையின் வாய்க்குள் கச்சிதமாகப் பொருந்தும் வளையமே நிறுத்துகிறது, 'ஸ்பிகாட்' என்பார்கள். போல்ட் இறுக்குவதோடு சரி. ஆகவே பரப்புக்கு ஒரு கட்டு, ஸ்பிகாட்டுக்கு ஒரு கட்டு, மூடி சுற்றாதிருக்கத் திசைக்கு ஒரு கட்டு, அவ்வளவே. உறையை மட்டும் அசையாமல் நிறுத்தி, ஏனையவற்றை, மழுக்கல் போல வந்து போகும் விளிம்புகளில் கட்டாமல், அதன் அச்சிலும் முதன்மைத் தளங்களிலும் கட்டினான். மூடியின் விட்டத்தையும் 142 ஆக்கினான்.

தண்டின் பெயருக்கு முன் ஒரு கழித்தற்குறி எஞ்சியிருந்தது. இன்னும் ஓர் உரிமை மீதமிருக்கிறது என்பதற்கு அடையாளம். புதியவர்கள் இதைக் குறையென்றெண்ணி அதையும் கட்டிவிடுவார்களாம். பம்பின் தண்டு சுழலவேண்டாமா?

பழைய கருவிக் கொல்லர்கள் இதைக் கணினியின்றியே அறிந்திருந்தார்கள். ஒரு தகட்டை இரு துளைகளால் நிறுத்த நேர்ந்தால், ஒன்றில் உருண்டை ஊசியும் மற்றதில் வைர வடிவில் இருபுறம் சீவிய ஊசியும் வைப்பார்கள். இரண்டும் உருண்டையாயின், துளைகளின் இடைவெளி மயிரிழை பிசகினாலும் தகடு இறங்காது. இன்னும் பின்னே சென்றால், 1206இல் தியார்பக்ரில் தம் இயந்திர நூலை முடித்த அல்ஜஸரீ, இரட்டை உருளை கொண்ட நீரிறைக்கும் பம்பை விவரிக்கையில், படத்தின் உறுப்புகளுக்கு எழுத்துகளை இட்டு, எது எதனோடு சேரும் என்பதை வாக்கியங்களால் விளக்குகிறார். அவரும் கட்டுகளைத்தான் எழுதினார்.

ஞாயிறு இரவு அவன் செய்த சோதனையைச் சொல்லி நிறுத்துகிறேன். துளை வட்டத்தை 130 ஆக்கினான், 160 ஆக்கினான், மறுபடி 142 ஆக்கினான். ஒவ்வொரு முறையும் மூடியின் துளைகளும் உடன் மாறுமாறு அளவுகளை இணைத்திருந்தான். உறுப்புகள் ஒழுங்காக நகர்ந்தன. ஒன்று மட்டும், ஒரு கோணக் கட்டு, 160இல் மறுபுறம் புரண்டது. முப்பது பாகைக் கோணம் இடப்புறமும் அமையும், வலப்புறமும் அமையும். எப்புறம் என்று யாரும் கணினிக்குச் சொல்லவில்லை. அதை நீக்கி, இரு தளங்கள் இணையாக வேண்டும் என்று மாற்றினான். திங்களன்று வடிவம் பேட்டர்ன் கடைக்குப் போயிற்று. மேலாளர் இன்றும் 'ஃபிக்ஸ்' செய்யும் வழக்கத்தை விட்டபாடில்லையாம். வெளியிலிருந்து வரும் மோட்டாரை மட்டும் அப்படி வைப்பதில் தனக்கும் மறுப்பில்லை என்கிறான் தங்கை மகன்.